சிங்கப்பூரில் தமிழ் டிராக்: வேடம் கட்டுவது முதல் மேடை ஏறுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டிராக் என்பது பெண்ணாகவோ ஆணாகவோ மிகையாக வேடம் கட்டி மேடையில் ஆடும் கலை. நம் ஆட்களிடம் டிராக் என்று சொன்னால் பலர் மனதில் வரும் படம், நகைச்சுவைக் காட்சியில் சேலையை ஏனோதானோவென்று சுற்றிக்கொண்டு கீச்சுக்குரலில் பேசும் ஆண்தான். அந்தச் சிரிப்பு, பெண்ணாக இருப்பதே ஒரு குறை என்ற நினைப்பிலிருந்து வருவது. டிராக் அதற்கு நேர் எதிர். பெண் வேடம் கட்டும் ஒரு டிராக் குயின் இரண்டு மூன்று மணி நேரம் கண்ணாடி முன் உட்கார்ந்து, தான் வியந்து பார்த்த பெண்களின் மிடுக்கையும் கோபத்தையும் ஒயிலையும் மேடைக்கேற்றபடி பெரிதாக்கிக் காட்டுகிறார். கூர்ந்து பார்த்தவருக்குத்தான் அது வரும். பார்க்காமல் செய்தால் கேலிதான் மிஞ்சும். கீழே மேக்கப், இடுப்பு, விக், பாட்டு என்று நிறைய சொல்லப்போகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கவனிப்புதான்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். டிராக் என்பது வேடம், நிகழ்ச்சி முடிந்ததும் கலைத்துவிடலாம். திருநங்கையாக இருப்பது ஒருவருடைய வாழ்க்கை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். டிராக் ஆடும் ஆண்கள் உண்டு, திருநங்கைகள் உண்டு, ஆண் வேடம் கட்டி டிராக் கிங்காக ஆடும் பெண்களும் உண்டு. மேடைக்கு வெளியே ஒருவரை எப்படி அழைப்பது என்று தெரியாவிட்டால் அவரிடமே கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நமக்கு முன்னால் ஆடியவர்கள்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று வீட்டில் யாராவது சொன்னால் அவர்களுக்கு நம் நாடக மேடையை நினைவுபடுத்துங்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் எனும் பெண் வேடம் போட்டதெல்லாம் பையன்கள்தான். டி.கே. சண்முகம் மேடையில் அவ்வையாராகவே வாழ்ந்ததால் 'அவ்வை சண்முகம்' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. சிவாஜி கணேசனும் நாடகக் கம்பெனியில் சிறுவனாக இருந்தபோது பெண் வேடம் போட்டவர்தான். தெருக்கூத்தில் திரௌபதியாக ஆண்கள் ஆடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. விடிய விடிய ஆடும் அந்தக் கலைஞரைப் பார்த்து ஊரே அழும், யாரும் கேலி செய்வதில்லை.

சிங்கப்பூருக்கும் இதில் தனி வரலாறு உண்டு. 1950களிலிருந்து பழைய பூகிஸ் ஸ்திரீட்டில் இரவு நேரத்தில் அலங்காரத்தோடு உலா வந்த திருநங்கைகளைப் பார்க்கவே கப்பல்காரர்களும் சுற்றுப்பயணிகளும் கூடுவார்கள். 1980களின் நடுவில் எம்ஆர்டி ரயில் கட்டுமானத்துக்காக அந்தத் தெரு இடிக்கப்பட்டது. 90களில் அதே வட்டாரத்தில் பூம் பூம் ரூம் என்ற கேளிக்கை விடுதி வந்தது, அங்கேதான் நகைச்சுவைக் கலைஞர் குமார் பேர் வாங்கினார். ஒரு தமிழர் கவுன் போட்டு, விக் வைத்து, மைக்கைப் பிடித்து, சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லாரையும் அவரவர் பேச்சு வழக்கிலேயே கிண்டலடித்து, பிறகு பெரிய அரங்குகளையே நிரப்பினார். இந்த நாட்டின் மிகப் பிரபலமான டிராக் கலைஞர் நம்மவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. புதிதாக வருபவர்கள் அவரைப் பார்த்து நேரம் கணிக்கப் படிக்க வேண்டும். ஒரு வரியைச் சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார் என்று பாருங்கள்.

முதல் படி: அவள் யார்?

மேக்கப் வாங்க ஓடாதீர்கள். முதலில் பாத்திரம். நீங்கள் மேடையில் கொண்டுவரப் போகும் பெண்ணுக்கு என்ன வயது, எந்த வட்டாரம், யார் மேல் கோபம், எதற்குச் சிரிப்பாள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "அழகாக இருப்பாள்" என்று எழுதினால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. மீன் கடை முன் நிற்கும் ஒரு அம்மாவைக் கவனியுங்கள். கைப்பை முழங்கை மடிப்பில் தொங்கும். தாலிக்கொடி ரவிக்கைக்குள் இருக்கும். விலை கேட்டுவிட்டு உடனே பதில் சொல்ல மாட்டார், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முந்தானை நுனியால் மேலுதட்டு வியர்வையை ஒற்றிக்கொண்டு, கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வையில் விலை இறங்கிவிடும். மேடையில் அந்தப் பார்வையைக் கொண்டுவர முடிந்தால், தமிழ் தெரியாத கூட்டமும் வாய்விட்டு ரசிக்கும். ஒருவரையே அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். அத்தையின் நடை, டீச்சரின் விரல், பழைய நடிகையின் கழுத்துத் திருப்பம் என்று நாலைந்து பேரிடமிருந்து எடுத்து ஒருத்தியாக்குங்கள்.

பெயர் அதற்கு அப்புறம். இங்கே ஒரு டிராக் கலைஞர் நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டார். கேட்டதும் ஊர் தெரிகிறது, பெண் தெரிகிறது, மறக்கவும் முடியவில்லை. தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் மைக்கில் அறிவிப்பவர் வாயில் அது நுழையுமா என்று பாருங்கள். தெய்வத்தின் பெயரை இதற்கு எடுக்காதீர்கள். சாதிப் பெயர் வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் படி: முகம்

நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் வெளிர் தோலுக்கானவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நம் முகம் சாம்பல் பூத்துவிடும்.

நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால் சவரம் செய்யுங்கள், காலையில் செய்தால் மாலைக்குள் முள் தலைகாட்டும். முடி வளரும் திசையில் ஒரு தரம், எதிர்த் திசையில் ஒரு தரம். குளிர்ந்த தண்ணீரால் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவி, பத்து நிமிடம் விட்டுவிட்டு, மேக்கப் நிலைத்து நிற்க அடியில் பூசும் பிரைமர். இந்த ஊர் புழுக்கத்தில் பிரைமரைத் தவிர்க்க முடியாது.

அடுத்து புருவம். மறுநாள் வேலைக்கோ, தேசிய சேவை முகாமுக்கோ போக வேண்டியிருப்பதால் நம்மில் பலருக்கும் புருவத்தைச் சிரைக்க வழியில்லை, மறைக்கத்தான் வேண்டும். தண்ணீரில் கரையும் சாதாரண க்ளூ ஸ்டிக் போதும். புருவ முடியை மேல்நோக்கிச் சீவி, பசையை மெல்லிசாகத் தடவி, புருவம் சீவும் ஸ்பூலி பிரஷால் தட்டையாக ஒட்டி, காயவிடுங்கள். மூன்று நான்கு பூச்சு வேண்டியிருக்கும், நம் முடி அடர்த்தியானது. ஒவ்வொரு பூச்சும் முழுசாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் மேடை வெளிச்சத்தில் முடி எழும்பி நிற்கும். பசை காய்ந்ததும் பவுடரை அழுத்திப் பூசி, அதன்மேல் கருமையை அடக்கும் ஆரஞ்சு நிறக் கரெக்டர், திரும்பவும் பவுடர். முதல்முறை பயன்படுத்தும் எந்தப் பொருளையும் முந்தைய நாளே காதுக்குப் பின்னால் தடவிச் சோதித்துவிடுங்கள்.

தாடி நிழலுக்கும் அதே கரெக்டர்தான். மாநிறத்துக்கு ஆரஞ்சு, கருத்த நிறத்துக்குச் சிவப்புக் கலந்த ஆரஞ்சு. நீலம் பூத்த நிழலை அடக்குவது இந்த நிறம்தான். இதைப் போடாமல் ஃபவுண்டேஷனை மட்டும் அப்பினால் எத்தனை பூச்சு பூசினாலும் மோவாய் சாம்பலாகவே தெரியும். பிறகு க்ரீம் ஃபவுண்டேஷன். பரதநாட்டிய மேக்கப்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், கிரையோலான் போன்ற நாடக மேக்கப் பெயர்கள் அவர்களுக்கு அத்துப்படி. கழுத்து, காது, கை எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

கான்டூர் என்பது நிழல் போட்டு எலும்பை மாற்றும் வேலை. கன்னத்தின் குழி, மூக்கின் இரு பக்கம், நெற்றி ஓரம், தாடையின் கீழ் விளிம்பு. நம் தோலுக்கு அடர்ந்த காப்பி நிறம் வரை போகலாம், பயப்படாதீர்கள். எடுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் வெளிர் நிறம் பூசும் ஹைலைட்டில்தான் அடக்கம் தேவை. உங்கள் நிறத்தைவிட இரண்டு மூன்று படி வெளிர், மஞ்சளோ பொன்னோ கலந்த நிறம். வெளிர் ரோஸ் வேண்டாம், வெள்ளை பவுடரும் வேண்டாம். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: நிறத்தை வெளுப்பாக்காதீர்கள். கருப்பான பெண் மேடையில் ராணியாக நிற்பதைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள்.

புதுப் புருவத்தை உங்கள் சொந்தப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வரையுங்கள். கண்ணின் மடிப்பையும் மேலே ஏற்றி வரைந்து, இமையில் நல்ல மினுமினுப்பு. கீழ் இமையின் உள்விளிம்பில் வெள்ளைப் பென்சில், அதற்குக் கொஞ்சம் கீழே மை. கண் இரண்டு மடங்காகிவிடும். ஒட்டுஇமைக்குப் பசை தடவியதும் உடனே ஒட்டக் கூடாது, அரை நிமிடம் விட்டுப் பிசுபிசுப்பு வந்ததும் ஒட்டுங்கள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது வழக்கம்.

பொட்டில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். புருவத்தை மேலே ஏற்றிவிட்டு, பொட்டைப் பழைய இடத்திலேயே வைத்தால் அது மூக்கின் மேல் சரிந்த மாதிரி இருக்கும். புதுப் புருவங்களுக்கு நடுவில் வையுங்கள், கொஞ்சம் பெரிதாகவும் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் போனை மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் படம் எடுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் பயங்கரமாக இருப்பது அங்கே அளவாகத் தெரியும்.

மூன்றாம் படி: உடம்பு

இடுப்பை அகலமாகக் காட்ட, சோபாவுக்குள் வைக்கும் ஃபோமில் இரண்டு அங்குலத் தடிமன் எடுத்து, பாதியாக அறுத்த மாங்காய் வடிவத்தில் வெட்டுங்கள். ஓரங்களைக் கத்தரிக்கோலால் சிறுகச் சிறுகச் சீவி மெல்லிசாக்க வேண்டும், இல்லையென்றால் துணிக்கு வெளியே விளிம்பு தெரியும். இடுப்பெலும்புக்குக் கீழே, தொடையின் பக்கவாட்டில் வைத்து, மேலே நடனக்காரர்கள் போடும் டைட்ஸ் மூன்று நான்கு. இடையைக் கோர்செட்டால் இறுக்கும்போது மூச்சு முழுதாக இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். மூச்சில்லாமல் ஆட முடியாது.

ஆணுறுப்பை மறைத்துக் கட்டுவதற்கு காஃப் என்ற இறுக்கமான உள்ளாடை கிடைக்கிறது. பொட்டலம் ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டாதீர்கள். வலித்தாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். நிகழ்ச்சி நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள், நாள் முழுக்க வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தப்பு. இந்த வெயிலில் ஃபோமும் டைட்ஸும் போட்டு ஆடினால் மயக்கம் வரும்.

நான்காம் படி: சேலை, விக், செருப்பு

செலவு எகிறுவது இங்கேதான். புதிதாக எல்லாவற்றையும் வாங்காதீர்கள். அம்மாவோ சித்தியோ கொடுக்கும் பழைய சேலையே பல நேரம் கடையில் வாங்குவதைவிட மேடையில் நன்றாக விழும். ஷிஃபான், ஜார்ஜெட் ஆட்டத்துக்கு. பட்டு நிற்பதற்கும் நடப்பதற்கும். மினுக்கும் துணி வேண்டுமென்றால் அரபு ஸ்திரீட்டையும் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பகுதியையும் ஒரு சுற்று வாருங்கள், மீட்டர் கணக்கில் வாங்கலாம். ரவிக்கை தைக்க தேக்கா நிலையத்தின் மாடியில் தையல்காரர்கள் இருக்கிறார்கள். பெண் மார்பு போல முன்னால் அணியும் மார்புக் கவசத்தை வைத்துக்கட்டிய பிறகே அளவு கொடுங்கள். நாடகத்துக்கு என்று சொன்னால் போதும், அவர்கள் பார்க்காத உடம்பில்லை.

சேலை கட்டும்போது முதலில் ஹீல்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம்தான் கொசுவம். வெறுங்காலில் கட்டிவிட்டுச் செருப்பைப் போட்டால் சேலை கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொள்ளும். டைட்ஸின் மேல் உள்பாவாடை வழுக்கும், அதனால் நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் வைத்துத் தையுங்கள். ஆட்டம் பலமாக இருந்தால் மடிப்புகளைத் தைத்தே வைத்து, பக்கத்தில் ஜிப் போட்டுவிடலாம். மேடையிலேயே உடை மாற்றுவதற்கும் அதுதான் வசதி.

விக்கில் முன்விளிம்பு வலையாக இருக்கும் லேஸ் ஃப்ரன்ட் வகைதான் இயல்பாகத் தெரியும். வலையை நேர்கோட்டில் வெட்டாமல் வளைந்து வளைந்து வெட்டுங்கள், நெற்றியோடு கரைந்துவிடும். செயற்கை முடியில் சூடான கருவி பட்டால் உருகும், நீராவிதான் பாதுகாப்பு. ஜடை பின்னிக் குஞ்சலம் வைப்பதானால் விக்கின் அடிப்பகுதியை ஊசிகளால் உள்ளே தலையில் போட்டிருக்கும் தொப்பியோடு நன்றாக இறுக்குங்கள். நீண்ட ஜடை ஆடும்போது பின்பக்கம் இழுக்கும். பஃப்பளோ ரோட்டில் மல்லிகைச் சரம் வாங்கி வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். அறைக்குள் நுழையும்போதே வாசம் முதல் வரிசைக்குப் போய்விடும், வேறு எந்த நகைக்கும் அந்தச் சக்தி இல்லை.

ஹீல்ஸ் பழக்கத்துக்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவில் டக் டக்கென்று நடந்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார், பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வாயசைப்பு

தமிழ்ப் பார்வையாளர்களை இதில் ஏமாற்றவே முடியாது. பின்னணிப் பாட்டுக்கு நடிகர்கள் வாயசைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அரை மாத்திரை தவறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். டிராக்கில் தமிழருக்கு இருக்கும் மிகப் பெரிய சொத்தும் இதுதான் என்பேன், ஏனென்றால் நல்ல வாயசைப்பு எப்படி இருக்கும் என்று நமக்கு ஏற்கனவே தெரியும்.

பாட்டு வரிகளைக் கையால் எழுதுங்கள். பாடகி மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஒரு கோடு போடுங்கள், அங்கே உங்கள் தோளும் ஏற வேண்டும். ப, ம ஒலிகளில் உதடு கட்டாயம் ஒட்ட வேண்டும். கடைசி வரிசைக்கும் தெரிவது அந்த ஒட்டல்தான், அது சரியாக இருந்தால் மற்றதை மன்னித்துவிடுவார்கள். ஆகாரத்தில் தாடை நன்றாக இறங்கட்டும். கமகத்தில் கழுத்து நரம்பு தெரியட்டும். பாடகி மெல்லச் சிரிக்கும் இடம், குரல் உடையும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் குரலைப் பயிற்சிக்கு எடுத்தால் வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது: கொஞ்சல், சீண்டல், ஒரு மூச்சில் ஏறும் வீச்சு. அதே குரல் அம்மன் பாட்டுக்கும் உரியது. பக்திப் பாட்டை மதுக்கூடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். சமய உணர்வு விஷயத்தில் இந்த நாடு மிகக் கண்டிப்பு, கும்பிடுகிறவர்கள் மனசு நோகவும் கூடாது.

முழுப் பாட்டும் வேண்டியதில்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் மூன்று நிமிடத்துக்கு வெட்டுங்கள். பல்லவி, ஒரு சரணம், நடுவில் ஒரு வசனம், திரும்பப் பல்லவி. இடையிசை வரும்போது வாய்க்கு வேலையில்லை. நடக்க, திரும்ப, முந்தானையை உதற, உடையை மாற்ற எல்லாம் அந்த இடம்தான். கூட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் தெரியாதவர்களாக இருப்பார்கள், ஆகவே முதல் இருபது நொடிக்குள் அவள் கோபமாக வந்திருக்கிறாளா, காதலோடு வந்திருக்கிறாளா என்பது முகத்திலேயே விளங்கிவிட வேண்டும்.

ஆறாம் படி: மேடை, உரிமம், காசு

தஞ்சோங் பகார், நீல் ரோடு பக்கத்து மதுக்கூடங்களில் டிராக் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. முதலில் பார்வையாளராகப் போங்கள். டிப்ஸ் கொடுங்கள், கலைஞர்களிடம் பேசுங்கள், மேடையின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். புதியவர்களுக்கு வாய்ப்பு எப்போது என்று கேளுங்கள். அனுபவசாலி ஒருவர் உங்களைச் சேர்த்துக்கொண்டால் அவரை டிராக் மதர் என்பார்கள். இந்த உறவு குருகுலம் போலவே நடக்கும், மரியாதை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

மதுக்கூடத்தில் ஆடினால் உரிமம் போன்றவற்றை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். நீங்களே அரங்கம் எடுத்து டிக்கெட் விற்பதானால், கலை நிகழ்ச்சி உரிமத்துக்கு தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏவிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். உள்ளடக்கத்தைப் பொறுத்து வயது வரம்பு விதிப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் இதைக் கவனமாகப் படியுங்கள். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் பாஸில் உள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். பத்து வெள்ளியாக இருந்தாலும் காசு வாங்கி ஆடுவது சிக்கலில் விடும், மனிதவள அமைச்சிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2009 முதல் நடந்துவரும், பால்புதுமையினருக்கு ஆதரவான பிங்க் டாட் ஒன்றுகூடலுக்கு ஹோங் லிம் பூங்காவுக்குப் போகவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் அனுமதி.

ஆண்களுக்கிடையேயான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவை நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நீக்கியது, அந்த நீக்கம் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்துவிட்டது. வீட்டு நிலவரம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அம்மா அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். சொல்லும்வரை மேடைப்பெயரில் தனிக் கணக்கு வைத்து, படங்களில் முகம் அடையாளம் தெரிகிறதா என்று பார்த்துப் போடுங்கள். நண்பர்கள் எடுக்கும் வீடியோவுக்கும் இது பொருந்தும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நிகழ்ச்சி நாள்

பாட்டை போனிலும் பென்டிரைவிலும் இரண்டு இடத்தில் வைத்திருங்கள். ஊசி, நூல், ஊக்கு, இமைப் பசை, உதட்டுச் சாயம், ஒரு ஜோடி தட்டைச் செருப்பு, சிறிய மின்விசிறி, தண்ணீர். விக்கைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். முழு வேடத்தில் வீட்டிலிருந்து கிளம்புவதைவிட அங்கே போய்க் கட்டுவது நல்லது, வழியிலேயே பாதி மேக்கப் வழிந்துவிடும். திரும்பும்போது தனியாக வேண்டாம், ஒரு நண்பரோடு டாக்சி எடுங்கள்.

மேடை ஏறியதும் ஓடாதீர்கள். நில்லுங்கள், முதல் வரிசையில் ஒருவரைப் பாருங்கள், பிறகு தொடங்குங்கள். விக் நழுவினாலும் சேலை அவிழ்ந்தாலும் அவள் என்ன செய்வாளோ அதைச் செய்யுங்கள். சந்தையில் பார்த்த அந்த அம்மா முந்தானை நழுவினால் பதறவா போகிறார்? இழுத்துச் செருகிக்கொண்டு பேரத்தைத் தொடர்வார்.

வேடத்தைக் கலைக்க முதலில் தேங்காய் எண்ணெயோ எண்ணெய் சார்ந்த க்ளென்சரோ. நன்றாகத் தேய்த்து, துணியால் துடைத்து, அப்புறம் சோப்பு. புருவத்துப் பசையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் தானாக இளகும், பிய்த்தால் முடியும் சேர்ந்து வரும். டைட்ஸை அன்றிரவே அலசிப் போடுங்கள். ஃபோமையும் விக்கையும் விசிறிக் காற்றில் ஒரு நாள் காயவைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள், இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்க ஒரு வாரம் போதும். மறுநாள் நிகழ்ச்சி நடத்தியவருக்கும் ஒலி பார்த்தவருக்கும் நன்றி சொல்லிச் செய்தி அனுப்புங்கள், வீடியோவை வாங்கி ஒலியை அடைத்துவிட்டு உதட்டை மட்டும் பாருங்கள், அடுத்த தேதி எப்போது என்று கேட்டுவிடுங்கள்.